டிசம்பர் 25-ஆ, ஜனவரி 7-ஆ? அடிஸ் அபாபாவில் இரண்டு வயதுப் பையனோடு கிறிஸ்துமஸ்

ஏலக்காய் | 14 டிசம்பர் 2025, இரவு 9:50

இந்தத் தளத்துக்குப் பல மாதமாக வாசிக்க மட்டும்தான் வருவேன். இன்று எழுதாவிட்டால் தூக்கம் வராது போலிருக்கிறது.

நாங்கள் எத்தியோப்பியாவின் தலைநகர் அடிஸ் அபாபாவுக்கு வந்து பதினாறு மாதம் ஆகிறது. என் வீட்டுக்காரர் ஒரு வேதாகமக் கல்லூரியில் பழைய ஏற்பாடு எடுக்கிறார். நான் காலையில் இரண்டு மணி நேரம் இந்த ஊர் மொழியான அம்ஹாரிக் படிக்கிறேன், மீதி நேரமெல்லாம் பையன் பின்னால் ஓடுகிறேன். அவனுக்கு இரண்டேகால் வயது. ஊருக்கு அனுப்புகிற ஜெபக்குறிப்பில் வகுப்பு, ஆராதனை, வாலிபர் கூட்டம் என்று எழுதுவோம். என் நாள் என்னவோ குழாயில் தண்ணீர் வருகிறதா, கரண்ட் இருக்கிறதா, இவன் சாப்பிட்டானா என்றுதான் கழிகிறது.

போன வருஷம் டிசம்பர் 25 புதன்கிழமை. இங்கே அன்று விடுமுறை கிடையாது. கிறிஸ்துமஸ் ஜனவரி 7-ல்தான், கென்னா என்று பெயர். ஆர்த்தடாக்ஸ் சபைக்கு மட்டும் என்றில்லை, நாங்கள் போகிற சுவிசேஷ சபையும் அன்றுதான் கொண்டாடுகிறது. அவர் வழக்கம்போல எட்டு மணிக்கு வகுப்புக்குப் போய்விட்டார். நான் அச்சுமுறுக்கு சுடலாம் என்று மாவு கரைத்து, எண்ணெயைக் காய வைத்தேன். கரண்ட் போனது. மூன்று மணி நேரம் வரவில்லை. வாசலில் கட்டியிருந்த காகித நட்சத்திரத்தைப் பார்த்துப் பால்காரம்மா, 'கல்யாணமா?' என்று கேட்டார். நான் குளியலறைக்குள் போய் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தேன். முடிந்தது பண்டிகை.

அப்போது இவனுக்கு ஒன்றும் தெரியாது. இந்த வருஷம் தெரிகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் புதுத்துணி எடுத்தால் இவனும் கேட்பான். என் கேள்வி இதுதான்: 25-ம் தேதியை வீட்டுக்குள் நாங்கள் மூன்று பேர் மட்டும் வைத்துக்கொள்வதா, பேசாமல் 7-ம் தேதிக்கு மாறிவிடுவதா, இல்லை இரண்டையும் வைத்து அவனைக் குழப்புவதா? அவருக்கு 7 போதும். எனக்கு மனசு ஒப்பவில்லை. உங்களில் யாராவது இதைத் தாண்டி வந்திருப்பீர்களே.

ஈசல் | 14 டிசம்பர் 2025, இரவு 11:15

சகோதரி, நாங்கள் மலாவியில் நான்கு வருஷம் இருந்தோம். அங்கே தேதிச் சிக்கல் இல்லை, 25-தான். ஆனால் டிசம்பர் அங்கே மழையும் மாம்பழமும். மூத்தவள் கொசுவலைக்குள் உட்கார்ந்து மாம்பழம் சப்பியதுதான் எங்கள் முதல் கிறிஸ்துமஸ் படம். மழை விட்டதும் விளக்கைச் சுற்றி ஈசல் வரும், ஊரே பிடித்து வறுத்துத் தின்னும். என் அம்மாவுக்குப் படம் அனுப்பினேன். 'நாங்களும் சின்ன வயதில் தின்றதுதான், இதற்கா அவ்வளவு தூரம் போனாய்' என்று பதில் வந்தது. பெயர்க்காரணம் புரிந்திருக்கும்.

இரண்டு வயதில் குழப்பம் என்று ஒன்று கிடையாது என்பது என் அனுபவம். கேக் இரண்டு தடவை வந்தால் அவன் புகார் சொல்லப்போவதில்லை.

பழைய_வாத்தியார் | 15 டிசம்பர் 2025, காலை 6:20

எத்தியோப்பியா என்றதும் உள்ளே வந்துவிட்டேன். ஜிம்மாவில் ஆறு வருஷம் ஒப்பந்தத்தில் வேலை பார்த்தவன். ஊழியம் எல்லாம் இல்லை, சம்பளத்துக்குத்தான். பேரரசர் ஹைலே செலாசி காலத்திலிருந்தே நம்மூர் ஆட்கள் அங்கே வாத்தியாராகப் போயிருக்கிறார்கள். நடுவயது தாண்டிய ஆட்களிடம் இந்தியா என்று சொல்லிப் பாருங்கள், 'எனக்குக் கணக்குப் பாடம் எடுத்தவர் இந்தியர்' என்று யாராவது ஒருவர் ஆரம்பிப்பார்.

அந்த நாட்டில் டிசம்பர் 25 என்று ஒரு தேதியே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு இது 2018-ம் வருஷம். வருகிற 25-ம் தேதி அவர்கள் கணக்கில் தஹ்சாஸ் 16. கென்னா தஹ்சாஸ் 29. மாதத்துக்கு 30 நாள் வீதம் 12 மாதம், மிச்சமுள்ள 5 அல்லது 6 நாளுக்குப் பாகுமே என்று 13-வது மாதம். இதைப் பழகிக்கொள்ளாமல் அங்கே குடித்தனம் நடத்த முடியாது.

கடிகாரம் அதைவிட மோசம். உங்களுக்கு இந்நேரம் அடி பட்டிருக்குமே?

ஏலக்காய் | 15 டிசம்பர் 2025, பிற்பகல் 1:05

வாத்தியார் ஐயா, பட்டதே! வந்த இரண்டாவது வாரம். வீட்டுக்காரப் பாட்டி, எமாமா என்று கூப்பிடுகிறோம், 'சனிக்கிழமை மூன்று மணிக்குக் காபி குடிக்க வா' என்றார். சனிக்கிழமை காலை வாசல் கதவை யாரோ தட்டினார்கள். நான் பையனுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன், அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். மத்தியானம் மூன்று மணிக்கு மூவரும் நல்ல துணி உடுத்திக்கொண்டு போய் நின்றால், அவர் வீட்டில் யாரும் இல்லை. தரையில் பரப்பிய பச்சைப் புல் வாடிக் கிடக்கிறது, ஒரு தட்டில் ஆறிப்போன சோளப்பொரி. இங்கே பகல் மணி சூரியன் உதித்ததும் தொடங்குகிறது. நம் ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. அவருடைய மூன்று மணி நம் ஒன்பது மணி. கொட்டை வறுத்து, இடித்து, மூன்று சுற்றுக் காபியும் போட்டுவிட்டு, புது வாடகைக்காரிக்குத் திமிர் என்று நினைத்திருப்பார் பாவம்.

இன்றைக்கே ஒன்று நடந்தது. கிளினிக்கில் பையனுக்குக் காது பார்க்க மறுபடி வரச் சொல்லி எழுதிக் கொடுத்த சீட்டில் 06/04/2018 என்று இருந்தது. 2018-ல் இவன் பிறக்கவே இல்லையே என்று சிரித்துவிட்டுப் பையில் போட்டுவிட்டேன். இன்று காலை ஐயா பதிவில் தஹ்சாஸ் என்று பார்த்ததும், அது நான்காவது மாதம் என்று யாரோ சொன்னது நினைவு வந்து கணக்குப் போட்டால், அது இன்று. அரக்கப்பரக்க ஓடிவிட்டு இப்போதுதான் வருகிறேன். காது சரியாகிவிட்டது.

இன்னொன்று. இவன் பிறந்தது செப்டம்பர் 8, 2023. அது பாகுமே 3. பதின்மூன்றாவது மாதத்துப் பிள்ளை என்று எமாமா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

பழைய_வாத்தியார் | 15 டிசம்பர் 2025, பிற்பகல் 3:40

பாகுமே 3-ஆ! அது ரஃபேல் தேவதூதர் நாள் அம்மா. அன்று பெய்கிற மழை ஆசீர்வாதம் என்பார்கள். மழைக்காலத்தின் கடைசி நாட்கள் அவை. தெருப்பிள்ளைகள் எல்லாம் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு மழையில் ஆடும். போன செப்டம்பரில் நீங்கள் பார்க்கவில்லையா?

ஏலக்காய் | 15 டிசம்பர் 2025, மாலை 4:10

பார்த்தேன். காரணம் தெரியாமல் பார்த்தேன். கேக் வெட்டலாம் என்று உட்கார்ந்திருந்தோம், மழை பிடித்தது. முற்றத்தில் ஏழெட்டுப் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடுகிறார்கள், இவன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு குதிக்கிறான். சளி பிடிக்கும் என்று நான் கதவைத் திறக்கவில்லை. எமாமா வந்து கையை நீட்டி, கொடு கொடு என்று கேட்டார். கொடுக்கவில்லை.

இப்போது தெரிகிறது. அடுத்த வருஷம் விடுகிறேன்.

சும்மா_கேட்கிறேன் | 16 டிசம்பர் 2025, காலை 10:00

கோபப்பட வேண்டாம். இரண்டு விஷயம்.

ஒன்று, எத்தியோப்பியா நான்காம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவ நாடு. அக்சும் ராஜா எசானா காலத்து நாணயத்தில் சிலுவை இருக்கிறது. ஐரோப்பாவில் பாதி நாடுகள் அதற்கு எவ்வளவோ பிறகுதான் கிறிஸ்தவத்தைக் கேள்விப்பட்டன. அங்கே போய் மிஷனரிக்கு என்ன வேலை?

இரண்டு, இரண்டு வயதுப் பிள்ளையைக் கேட்டா கூட்டிக்கொண்டு போனீர்கள்? தாத்தா பாட்டி, சித்தப்பா, அத்தை எல்லோரையும் விட்டு, தண்ணீர் ஒழுங்காக வராத இடத்தில் வளர்ப்பது உங்கள் அழைப்பு. அவனுடைய அழைப்பா?

ஈசல் | 16 டிசம்பர் 2025, காலை 10:30

துபாய்க்கு வேலைக்குப் போகிறவர் பிள்ளையிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டா போகிறார்? ஊழியக்காரர் என்றால் மட்டும் இந்தக் கேள்வி வருகிறது.

ஏலக்காய் | 16 டிசம்பர் 2025, இரவு 8:45

கோபம் இல்லை. முதல் கேள்வியை என் வீட்டுக்காரரே வாரம் ஒருமுறை கேட்டுக்கொள்கிறார். அவர் யாரையும் புதிதாக மதம் மாற்றப் போகவில்லை. ஒரு கல்லூரி எபிரெயு மொழி சொல்லிக்கொடுக்க ஆள் கேட்டது, போனார். அவருடைய மாணவர்களில் பாதிப்பேர் சின்ன வயதிலிருந்தே கீயஸ் என்ற பழைய ஆராதனை மொழியில் சங்கீதங்களைக் கேட்டு வளர்ந்தவர்கள். எபிரெயு அவருக்கு வந்ததைவிட அவர்களுக்குச் சீக்கிரம் வருகிறது. மொழிகள் ஒரே குடும்பம். வீட்டுக்கு வந்து, 'இன்றைக்கும் பையன்கள் என்னைத் திருத்தினார்கள்' என்பார். எனவே மிஷனரி என்ற சொல்லே எங்களுக்குக் கொஞ்சம் பெரிய சட்டைதான். அனுப்பின சபை அப்படித்தான் எழுதிக்கொள்கிறது, நாங்களும் விட்டுவிட்டோம்.

இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அவனைக் கேட்கவில்லை என்பது உண்மை.

விடுதிப்பிள்ளை | 16 டிசம்பர் 2025, இரவு 11:50

இந்தக் கேள்விக்கு நான் எழுதலாம். என் அப்பா அம்மா இருபது வருஷத்துக்கு மேல் வடக்கே ஊழியத்தில் இருந்தவர்கள். எனக்கு ஆறு வயதில் விடுதி. அதற்கு முந்தைய வருஷங்கள் மலைக்கிராமம் ஒன்றில், நாங்கள் மட்டும்தான் தமிழ்.

என்னிடம் கேட்டிருந்தால் விடுதி வேண்டாம் என்றிருப்பேன். கிராமம் வேண்டாம் என்றிருக்க மாட்டேன். இரண்டும் ஒன்றல்ல, இதை ஊழியக் குடும்பங்களில் பலர் சேர்த்தே பேசுகிறார்கள்.

கிறிஸ்துமஸ் பற்றி எனக்கு நினைவிருப்பது ஒன்றே ஒன்று. அம்மா ஒவ்வொரு 24-ம் தேதி இரவும் டிரங்குப் பெட்டியைத் திறந்து, ஊரிலிருந்து வந்த பழைய வாழ்த்து அட்டைகளை எடுத்து அடுக்கி வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பார். சாப்பாடு, பாட்டு எல்லாம் உண்டு, பக்கத்துக் குடிசைப் பிள்ளைகளும் வருவார்கள். எனக்கு அது ஒன்றும் இப்போது ஞாபகத்தில் இல்லை. பெட்டி திறக்கிற சத்தம் இருக்கிறது. கிறிஸ்துமஸ் என்றாலே அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போகும் நாள் என்று ரொம்ப காலம் நினைத்திருந்தேன்.

அதனால் தேதியை நீங்கள் எதுவாக வேண்டுமானாலும் வையுங்கள். குளியலறைக் கதவுதான் எனக்குக் கவலை. அழுகை வந்தால் அவன் முன்னாலேயே அழுங்கள், ஏன் என்று இரண்டு வரியில் சொல்லுங்கள். 'பாட்டி ஞாபகம் வந்துவிட்டது' என்றால் அந்த வயதுக்குப் புரியும். எனக்கு யாரும் சொல்லவில்லை.

பேரன்_தூரத்தில் | 17 டிசம்பர் 2025, காலை 5:30

விடுதிப்பிள்ளை எழுதினதை இரண்டு தடவை வாசித்தேன் தாயி. என் மகளும் மருமகனும் வேறு நாட்டில், அவர்களும் ஊழியம்தான். எனக்கு வயது 67. நானும் ஒரு டிரங்குப்பெட்டிக்காரிதான், ஆனால் இந்தப் பக்கம்.

திருநெல்வேலியில் 1903-ல் இந்திய மிஷனரி சங்கம் ஆரம்பித்தபோது ஆள் அனுப்பியது டோர்ணக்கலுக்கு, நிஜாம் ராஜ்யத்துக்கு. தெலுங்கு தெரியாது, ரயிலில் போய் இறங்கினார்கள். அந்தக் காலத்தில் அதுவே பரதேசம். கடிதம் வந்து சேரும்வரை உயிரோடு இருக்கிறார்களா என்றே தெரியாது என்று என் தாத்தா சொல்வார். எனக்கு வீடியோவில் முகம் தெரிகிறது. தெரிந்தும் ஒரு தொல்லை: பேரன் என்னைக் கைபேசிக்குள் இருக்கிற ஆள் என்று நினைக்கிறான். ஊருக்கு வந்தபோது என்னை நேரில் பார்த்துவிட்டு, கைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

ஏலக்காய் அம்மா, உன் அம்மாவிடம் 25-ம் தேதியை விட்டுவிடாதே. உனக்காக இல்லை. அவர்களுக்கு அன்றைக்கு ஃபோன் வரவேண்டும்.

ஏலக்காய் | 26 டிசம்பர் 2025, மாலை 5:00

நேற்றைய கதை.

நேற்றும் அவருக்கு வகுப்பு இருந்தது. ஆனால் மாணவர்களுக்கு எப்படியோ தெரிந்து, 'உங்கள் நாட்டுக் கிறிஸ்துமஸ்' என்று கரும்பலகையில் எழுதி வைத்துப் பாடியிருக்கிறார்கள். வீட்டில் நான் இட்லி வைத்தேன். இதைச் சொல்லியே ஆகவேண்டும்: இந்த ஊர் சுமார் 2,350 மீட்டர் உயரம், ஊட்டியைவிட மேலே. டிசம்பர் ராத்திரி பத்து டிகிரிக்குக் கீழே போகிறது. மாவு புளிக்கவே புளிக்காது. முதல் வருஷம் போர்வையில் சுற்றி வைத்தேன், துணி வைக்கும் அலமாரிக்குள் வைத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. எமாமா வாரத்துக்கு இருமுறை இன்ஜெரா சுடுகிறார், நம் தோசை மாதிரி பெரிதாக இருக்கும். சுட்டு முடித்த பிறகும் அந்தப் பெரிய வட்டக் கல் மணிக்கணக்கில் வெதுவெதுப்பாக இருக்கிறது. என் மாவுப் பாத்திரத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் தூக்கிக்கொண்டு போய் அதன்மேல் வைத்தார். காலையில் பொங்கி வழிந்து நின்றது. அவர்களும் தெஃப் என்கிற சிறுதானிய மாவை இரண்டு மூன்று நாள் புளிக்க வைப்பவர்கள்தானே, பாத்திரத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

சோறுதான் இன்னும் தகராறு. இந்த உயரத்தில் தண்ணீர் 92 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடுகிறது, குக்கர் இல்லாமல் அரிசி வேகாது. புதிதாக வருகிறவர்கள் பெட்டியில் எதை விட்டாலும் குக்கரையும் இரண்டு ரப்பர் வளையத்தையும் விடாதீர்கள்.

சாயங்காலம் எமாமாவையும் பக்கத்து வீட்டாரையும் கூப்பிட்டிருந்தேன். மணியைச் சூரியனைக் காட்டிச் சொன்னேன். அவர்களுக்கு இது நோன்புக் காலம், கென்னாவுக்கு முன் 43 நாள் இறைச்சி, பால், முட்டை கிடையாது. நம் இட்லி, சாம்பார், தேங்காய்ச் சட்டினி எல்லாம் நோன்புக்குப் பொருந்துகிறது! நெய் சேர்க்காமல் பார்த்துக்கொண்டேன். முட்டை போட்ட கேக்கை மட்டும் நாங்கள் மறைவாக வெட்டினோம்.

நடுவில் ஒரு விபத்து. காபி இல்லாமல் விருந்தில்லை என்று எமாமா கரியடுப்பையும், ஜெபெனா என்கிற காபி காய்ச்சும் மண்கூஜாவையும் எங்கள் கூடத்துக்கே கொண்டுவந்துவிட்டார். நான் தட்டு எடுக்கத் திரும்பினேன். பையன் ஜெபெனாவின் வயிற்றில் உள்ளங்கையை வைத்துவிட்டான். அலறல். குழாயைத் திறந்தால் காற்று வருகிறது. எமாமாவின் பேரன் மஞ்சள் கேனைச் சாய்த்துக் குவளை குவளையாக ஊற்ற, நான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒருவர் வெண்ணெயோடு வந்தார், ஒருவர் பற்பசை. வேண்டாம் என்று கும்பிட்டேன். இருபது நிமிடம், ஒரு கேன் முழுவதும் காலி. இரண்டு விரல் சிவந்ததோடு போயிற்று, கொப்புளம் இல்லை. அந்த இருபது நிமிடமும் அத்தனை பேரும் 'ஐசோஹ், ஐசோஹ்' என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். விழுந்த பிள்ளைக்கும் சொல்வது, துக்க வீட்டிலும் சொல்வது. தைரியமாயிரு, நான் இருக்கிறேன் என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது.

ராத்திரி அம்மாவிடம் பேசினேன். அங்கே இரண்டரை மணி நேரம் முந்தி, தூங்கப் போயிருப்பார் என்று நினைத்தேன், உட்கார்ந்திருந்தார். அழுகை வந்தது. விடுதிப்பிள்ளை சொன்னபடி கூடத்திலேயே அழுதேன். இவன் வந்து, கட்டுப்போட்ட கையால் என் முதுகைத் தட்டி, 'ஐசோஹ்' என்றான்.

விடுதிப்பிள்ளை | 26 டிசம்பர் 2025, இரவு 10:20

என்னமோ பண்ணுகிறது. நாளைக்கு எழுதுகிறேன்.

ஈசல் | 27 டிசம்பர் 2025, காலை 9:00

தீக்காயத்துக்குத் தண்ணீர், அதுவும் ஓடுகிற தண்ணீர், இருபது நிமிடம். மிகச் சரி. ஐஸ் வைக்கக்கூடாது, வெண்ணெய் பற்பசை எதுவும் கூடாது. தண்ணீர் நிற்கிற ஊர்களில் ஒரு கேனைச் சமையலுக்குத் தொடாமல் இதற்கென்றே நிரப்பி வையுங்கள். நாங்கள் அப்படித்தான் வைத்திருந்தோம்.

அப்புறம் ஒரு நினைவூட்டல், ஊருக்கு வரும் திட்டம் இருந்தால். எத்தியோப்பியாவிலிருந்து இந்தியா வருகிறவர்களிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை கேட்பார்கள், பையனுக்கும் சேர்த்து. ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் அட்டை செல்லும். அட்டை இல்லையென்றால் ஆறு நாள் வரை தனியாக வைத்துவிடலாம். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் கடைசி வாரத்தில் ஓடி டிக்கெட்டை மாற்றவேண்டி வந்தது.

சும்மா_கேட்கிறேன் | 27 டிசம்பர் 2025, காலை 11:10

என் இரண்டாவது கேள்வியை நான் திரும்பப் பெறவில்லை. ஆனால் அந்த ஐசோஹ் பகுதியை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். பையனுக்குத் தமிழ் வருகிறதா?

ஏலக்காய் | 27 டிசம்பர் 2025, பிற்பகல் 2:30

வருகிறது, ஆனால் சண்டைக்கு அம்ஹாரிக்தான். 'மாட்டேன்' என்று சொல்ல அவனுக்குக் கிடைத்த சொல் 'இம்பி'. அந்த மொழியில் மறுப்பதற்கென்றே இருக்கிற சொல். 'குளிக்கலாமா? இம்பி. பருப்புச் சோறு? இம்பி.' தண்ணீர் உஹா. சரி என்பது இஷி, அதை மட்டும் மாதத்துக்கு ஒரு தடவை சொல்வான். எமாமா இன்ஜெராவில் உருட்டி வாயில் திணிக்கிற கவளத்துக்குக் குர்ஷா என்று பெயர், நாம் ஊட்டிவிடுவது போல. ஆனால் அது அன்புக்கு, பெரியவர்களுக்கும் உண்டு. முதல் தடவை பெர்பெரே மிளகாய்ப்பொடிக் காரத்தோடு இவனுக்குக் கொடுத்து, இவன் ஆடின ஆட்டம்! இப்போது எமாமா ஷிரோ என்கிற கடலைமாவுக் குழம்பைக் காரமில்லாமல் தனியாக எடுத்து வைக்கிறார். என்னிடம் பருப்புச் சோற்றுக்கு வாய் திறக்காதவன் அங்கே கொக்குக் குஞ்சு மாதிரி திறந்துகொண்டு நிற்கிறான். பொறாமையாக இருக்கிறது, சொல்லிவிட்டேன்.

ஏலக்காய் | 5 ஜனவரி 2026, இரவு 9:15

புது நெருக்கடி. யாராவது விழித்திருக்கிறீர்களா?

நான்கு நாளாகப் பையன் எழுந்ததும் 'பெக், பெக்' என்று அழுகிறான். பேக் கேட்கிறான் என்று அவருடைய தோள்பையைக் கொடுத்தேன், விட்டெறிந்தான். என் கைப்பையைக் கொடுத்தேன், இம்பி. கடைசியில் கையைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்துப் போனான். யூகலிப்டஸ் மரத்தடியில் ஒரு செம்மறிக் கடா கட்டியிருக்கிறது. அம்ஹாரிக்கில் செம்மறிக்குப் பெயரே 'பெக்'தான். பதினாறு மாதம் வகுப்புக்குப் போகிற எனக்கு இவன் சொல்லிக்கொடுக்கிறான்.

தினமும் அதற்கு முட்டைக்கோஸ் தழை கொடுக்கிறான். அதன் காதைப் பிடித்துக்கொண்டு ஜெபம் செய்கிறான். அது கென்னாவுக்கு வாங்கினது. தெருவெல்லாம் ஆடுதான், தலைகீழாகத் தொங்குகிற கோழிதான், நோன்பு முடிகிறதே. நாளை மறுநாள் காலையில் என்ன செய்வேன்?

பழைய_வாத்தியார் | 5 ஜனவரி 2026, இரவு 10:30

அன்று காலை அவனை வெளியே கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். சபைக்கோ, மைதானத்துக்கோ. கென்னா என்பது ஒரு விளையாட்டின் பெயரும்கூட. வளைந்த கோலால் மரப்பந்தை அடிக்கிற ஹாக்கி மாதிரி. இயேசு பிறந்த சேதி கேட்ட மேய்ப்பர்கள் சந்தோஷத்தில் தங்கள் கோலால் விளையாடியது என்று கதை. எங்காவது பையன்கள் ஆடுவார்கள், காட்டுங்கள்.

பேரன்_தூரத்தில் | 6 ஜனவரி 2026, காலை 5:10

நம் வீடுகளிலும் இதே கதைதானே தாயி. என் மகள் சின்ன வயதில் கிறிஸ்துமஸ் சேவலுக்குப் பெயர் வைத்துவிட்டாள், அந்த வருஷம் யாரும் சாப்பிடவில்லை. பொய் சொல்லாதே. ஊருக்குப் போயிருக்கிறது என்று மட்டும் சொல்லாதே, ஏனென்றால் அவன் பாட்டியும் ஊரில்தான் இருக்கிறாள்.

ஏலக்காய் | 8 ஜனவரி 2026, காலை 7:40

பாட்டியம்மா, நீங்கள் எழுதியிருக்காவிட்டால் நான் அதையேதான் சொல்லியிருப்பேன். நாக்கு நுனியில் இருந்தது.

சபைக்குக் காலையிலேயே போய்விட்டோம். எல்லோரும் வெள்ளை நெத்தெலா போர்த்தியிருந்தார்கள், இவனுக்கும் எமாமா சின்னதாக ஒன்று வாங்கியிருந்தார். பத்து நிமிடத்தில் அதைச் சேற்றில் இழுத்துவிட்டான். மேய்ப்பர்கள் நாடகத்தில் ஓர் ஆட்டுக்குட்டி வேடம் குறைந்தது, இவனைத் தூக்கிப் பஞ்சு ஒட்டி உட்கார வைத்துவிட்டார்கள். வசனம் ஒன்றும் இல்லை, ஆனால் தேவதூதன் பேசும்போது இவன் 'பெக்!' என்று கத்தினான். சபை சிரித்து அடங்க நேரமாயிற்று.

மதியம் திரும்பியபோது மரத்தடி காலி. கயிறு மட்டும் இருந்தது. 'பெக்?' என்றான். குனிந்து உட்கார்ந்து, 'பெக் செத்துப்போச்சு. எல்லோரும் சாப்பிடுகிறார்கள்' என்றேன். என்னையே பார்த்தான். கயிற்றைக் கையில் எடுத்துப் பார்த்தான். அப்புறம் எமாமா வீட்டு வாசலுக்குப் போய் நின்று உள்ளே எட்டிப்பார்த்தான். அவர் தட்டிலிருந்து கோழிக்குழம்பு முட்டையை எடுத்துக் கழுவி ஊட்டினார், தின்றான். ஆட்டிறைச்சி நாங்கள் மூவரும் நேற்றுச் சாப்பிடவில்லை. எமாமா ஏன் என்று கேட்கவில்லை.

ராத்திரி ஜெபத்தில் வழக்கம்போலத் தாத்தா, பாட்டி, எமாமா எல்லோரையும் சொல்லிவிட்டு, பெக்கையும் சொன்னான். அவர் ஆமென் என்றார். பழைய ஏற்பாடு எடுக்கிறவர், பலி பற்றி ஒரு வகுப்பே எடுப்பார் என்று பயந்தேன், நல்லவேளை.

இனி 19-ம் தேதி திம்கத், இயேசு ஞானஸ்நானம் பெற்ற நாள். தெருவெல்லாம் ஊர்வலமும் தண்ணீர் தெளிப்பும். மழையில் விடாததற்கு ஈடாக அன்றைக்கு நனையவிடலாம் என்று இருக்கிறேன். வெயில் நாள்தானே, சளி பிடிக்காது.

விடுதிப்பிள்ளை | 8 ஜனவரி 2026, காலை 9:05

மாற்றுத்துணி இரண்டு செட் எடுத்துக்கொள்ளுங்கள். நேற்று என் அம்மாவிடம் அந்தப் பெட்டியைப் பற்றிக் கேட்டேன். முதல்முறையாக. அட்டைகள் இன்னும் இருக்கின்றனவாம், ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகிறேன்.

பேரன்_தூரத்தில் | 8 ஜனவரி 2026, காலை 9:30

பெக் என்றால் ஆடு, இம்பி என்றால் மாட்டேன், நோட்டில் எழுதிக்கொண்டேன். என் பேரன் வேறு மொழி பேசுகிறான், அதுவும் ஒரு பக்கம் ஆகிவிட்டது. ஏலக்காய் அம்மா, உன் அம்மா நம்பரைத் தனிச்செய்தியில் அனுப்பு, இரண்டு கிழவிகளும் பேசிக்கொள்கிறோம். பையனை வீடியோவில் காட்ட முடிந்தால் ஒருநாள் எனக்கும் காட்டு. மூன்று மணிக்குக் கூப்பிடட்டுமா? உங்கள் மூன்றா, எமாமா மூன்றா, அதையும் சொல்லிவிடு.